கம்பா ஆண்களின் பித்தளைச் சங்கிலி மரபா, சந்தைச் சரக்கா?

வேலன்: கென்யாவின் கம்பா இன ஆண்கள் முற்காலத்தில் இடுப்பில் தோலோ மரப்பட்டையோ உடுத்தினார்கள், கழுத்து, கை, கால் எங்கும் செம்பும் பித்தளையும் அணிந்தார்கள். இதை ஒரு நண்பர் இங்கே 'ஆதி மரபு' என்று எழுதியிருந்தார். தோல் சரி. பித்தளைக் கம்பி, தந்தம் வாங்க வணிகர்கள் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சரக்கு. அது எப்படி ஆதி மரபாகும்?

மீனாட்சி: வந்தது கம்பி மட்டும்தான் ஐயா, சங்கிலி அல்ல. கம்பாக் கொல்லர்கள் அதை இன்னும் மெல்லியதாக இழுத்து, வளையம் வளையமாகக் கோத்தார்கள். அப்படிச் செய்த சங்கிலியில் ஒரு சிறு சாமணம் தொங்கும், தாடி மயிரைப் பிடுங்க. பெரியவர்கள் அமரும் முக்காலியின் பலகையிலும் அதே கம்பியைச் சுருள் சுருளாகப் பதித்திருப்பார்கள். 1849-இல் கம்பாக்கள் வாழும் கிட்டுயி பகுதிக்கு வந்த பாதிரியார் கிராஃபை அழைத்துச் சென்ற கம்பாத் தலைவர் கிவோய், பேர்பெற்ற தந்த வணிகர். வணிகம் செய்து வாழ்ந்தவர்களின் கழுத்தில் வணிகச் சரக்கு தொங்குவதில் என்ன வியப்பு?

வேலன்: அப்படியானால் காக்கிக் கால்சட்டையும் மரபுதான். பிரிட்டிஷாரின் ஆப்பிரிக்கப் படையில் கம்பா ஆண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள்.

மீனாட்சி: காக்கியைப் படை கொடுத்தது, இவர்கள் போட்டுக்கொண்டார்கள். அதில் இவர்கள் கைவேலை எங்கே?

கதிர்: இருவரும் உலோகத்தைவிட்டு வெளியே வாருங்கள். முன்பற்களைச் செதுக்கிக் கூராக்கிக்கொள்வதும் அலங்காரம்தானே? அதற்கு எந்தக் கப்பலும் வர வேண்டியதில்லை. 1895-இல் ஆப்பிரிக்க உள்நாட்டு மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு கம்பா நாடான உகம்பானியில் கால் வைத்தது. பின்னால் பள்ளி, தேவாலயம், மாதச் சம்பளம், கூடவே சட்டை. நைரோபியில் போமாஸ் என்ற பண்பாட்டு மையத்தின் அரங்கில் மேடையேறிய கம்பா நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; ஆடிவிட்டு இறங்குபவர் பேன்ட்டுக்கு மாறிவிடுவார். உடையைக் கழற்றி மாட்டலாம், பல்லை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் அது மேடைக்கே வரவில்லை.

வேலன்: கதிர் சொல்வது என் பக்கம்தான் பேசுகிறது. மீனாட்சி அம்மா, கண்ணாடி மணிக்கு என்ன சொல்வீர்கள்? அது ஐரோப்பாவில் செய்து கப்பலில் வந்தது, இங்கே கோத்தது மட்டும்தான்.

மீனாட்சி: மணியை நான் இழுக்கவே இல்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள். முதலில் அந்தச் சாமணத்துக்குப் பதில் சொல்லுங்கள்.