மறு: கடற்பாசியில இருக்கறதை நார்ச்சத்துன்னு சொல்லலாமா?

வணக்கமுங்க,

கடற்பாசிக் கட்டுரைக்குத் தமிழ்ச் சொல் தேடிட்டிருக்கோமுங்களே, அதுல கோபி அக்கா முந்தின மடல்ல சீவீட்டுக்கு (seaweed) 'கடற்களை'ன்னு போட்டிருந்தாங்க. வேண்டாங்க்கா, களைன்னா நம்மூர்ல ஆளு வெச்சு கூலி குடுத்து புடுங்கி வரப்புல வீசறது, அதைப் போயி தின்னுங்கன்னா யாரு திம்பாங்க? கடற்பாசின்னே இருக்கட்டும். என்ன, மளிகைக் கடையில வெறும் பாசின்னு கேட்டா பாசிப்பயறைக் கட்டிக் குடுத்துருவாங்க, அவ்ளோதான்.

சிக்கலே நார்ச்சத்துங்கற சொல்லுலதான் இருக்குதுங்க. பொள்ளாச்சியில நாருன்னா மட்டையிலிருந்து பிரிச்சு களத்துல காயப்போட்டிருக்கற தென்னை நாரு. கோதுமைத் தவிடு, கீரைத்தண்டுக்கெல்லாம் அந்தச் சொல் பொருந்துது, பல்லுல சிக்குது. ஆனா கடற்பாசியிலருந்து எடுக்கற அகாருல எங்கீங்க நாரு? போன ஞாயித்துக்கெழமை சைனா கிராஸ் (கடையில அகாருக்கு அதுதான் பேரு) ஒரு பாக்கெட் வாங்கிப் பிரிச்சேன், காஞ்சு கெடக்கறப்ப வெள்ளையா நாராட்டமேதான் இருந்துச்சு, கொதிக்கற தண்ணியில போட்டுக் கிளறுனா கொஞ்ச நேரத்துல இருந்த எடம் தெரியல, அப்பறம் டம்ளர்ல ஊத்தி மேடை மேல வெச்சேன், ஃபிரிட்ஜே வேண்டாம், 40 டிகிரிக்குக் கீழ எறங்குனதும் தானா உறைஞ்சிருச்சு. திரும்ப உருக்கறதுக்கு 85 டிகிரி கிட்ட சூடு வேணும். இதைப் போயி நாருன்னா என்ற பையனே சிரிக்கறான்.

செவப்புப் பாசியில அகார், கராஜீனன், பழுப்புப் பாசியில அல்ஜினேட்டு, எல்லாமே சர்க்கரையோ அதோட அமிலமோ நீளமாக் கோத்த சங்கிலிதான். சோத்துல இருக்கற மாவுச்சத்தை உடைக்கற நம்ம எச்சிலும் கணைய நீரும் இந்தக் கண்ணியை உடைக்காது, அப்படியே பெருங்குடலுக்குப் போயிருது. உலக அளவுல உணவுத் தரம் வகுக்கற கோடெக்ஸ் அமைப்பு 2009ல வெச்ச வரையறையும் சிறுகுடல்ல நம்ம நொதியால உடையாத கார்போஹைட்ரேட்டுன்னுதான் சொல்லுது, நாரு மாதிரி இருக்கணும்னு ஒரு வார்த்தை இல்லை.

அதுக்காக 'செரியாச் சர்க்கரை'ன்னு வெச்சா சுகர் இருக்கறவங்க பேரைக் கேட்டே ஓடிருவாங்க. 'செரியாச்சத்து'ன்னா, செரிக்காதது எப்படிங்க சத்தாகும்னு கேப்பாங்க. அதுவுமில்லாம 2010ல ஒரு ஆய்வு வந்துச்சுங்களே, ஜப்பான்காரங்க குடல்ல இருக்கற பாக்டீரியா நோரிப் பாசியை (அவங்க சுஷிக்குச் சுத்தற செவப்புப் பாசி) உடைக்கற மரபணுவைக் கடல் பாக்டீரியா கிட்ட இருந்து வாங்கி வெச்சிருக்குதுன்னு. நம்மளால ஆகாட்டியும் உள்ள குடியிருக்கறது தின்னுருதுங்க, அப்பறம் 'செரியா'ன்னு அடிச்சுச் சொல்றது எனக்குச் சரியாப் படலை.

நான் சொல்றது கூழ்நார். கரையாதது நார்ச்சத்து, தண்ணி குடிச்சுக் கூழாகறது கூழ்நார். வழுநார்னும் யோசிச்சேன், வழுன்னா பிழைன்னு ஒரு அர்த்தம் இருக்குது, விட்டுட்டேன்.

------

ஏனுங்க, ஈரோட்டுலருந்து எழுதறேன். கம்பங்கூழ் குடிக்கற ஊர்ல கூழ்நார்னா கம்புல இருக்கற நாருன்னுதான் நெனைப்பாங்க. ராமநாதபுரம் பக்கம் பாசி எடுக்கற பொம்பளைங்க கிட்டயே பேரு இருக்குதுங்களே, அகார் எடுக்கற கிராசிலேரியாங்கற செவப்புப் பாசிக்குக் கஞ்சிப்பாசி, பழுப்புப் பாசியில சர்காசத்துக்குக் கட்டக்கோரை, டர்பினேரியாவுக்குப் பக்கோடாப்பாசி. காய்ச்சுனா கஞ்சியாகுதுன்னு அவங்களே கண்டு வெச்சுட்டாங்க, நாம இங்க உக்காந்து மல்லுக்கட்டறோம். 'கஞ்சிநார்' ஆகாதுங்களா? அப்பறம் பழுப்புப் பாசியில லாமினாரின்னு ஒண்ணு இருக்குது, அது கரையும், ஆனா அகாராட்டம் உறையாது. அதை எதுல சேப்பீங்க?

------

லாமினாரின் நான் யோசிக்காததுங்க, ஒத்துக்கறேன். அதை 'கரையும் நார்ச்சத்து'லயே விட்டுரலாம், உறையறதுக்கு மட்டும் கூழ்நார். கஞ்சிநார் காதுக்கு நல்லாத்தான் இருக்குது, ஆனா பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடற ஞாபகம் வருதுங்க. சனிக்கெழமை வரைக்கும் பாக்கறேன், வேற யாராச்சும் நல்ல சொல் குடுத்தா மாத்திக்கறேன், இல்லாட்டி கட்டுரையில கூழ்நார்னே போட்டு அனுப்பிடறேனுங்க.