பழைய பித்தளைச் சாமான் வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய பித்தளையை எடைக்கு வாங்கி, புளி போட்டுத் தேய்த்து ஆன்லைனில் விற்கிறேன். உள்ளூர் ஆர்டரில் தொல்லை இல்லை. இப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு அக்கா தூக்குவாளியும் வெற்றிலைச் செல்லமும் கேட்கிறார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஏற்றுமதி செய்யத் தேவையான ஐஇசி (IEC) எண்ணை 500 ரூபாய் கட்டி வாங்கிவிட்டேன். தூக்கு ஒன்றரை கிலோதான், ஆனால் நசுங்காமல் போக 30க்கு 30க்கு 28 செ.மீ. பெட்டி வேண்டும், கூரியர்காரர் அதைப் பெருக்கி 5000ஆல் வகுத்து ஐந்து கிலோவுக்குக் காசு கேட்கிறார். காற்றுக்குக் கட்டணம்! 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கும் போய்விட்டது. வரியை விலையிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறீர்களா, வாங்குபவர்களையே கட்டச் சொல்கிறீர்களா?

அப்புறம், நூறு வருடம் தாண்டிய பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி அனுப்ப முடியாது. செல்லத்தின் அடியில் யாரோ ஒரு பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது, வருடம் இல்லை. பார்த்தால் அவ்வளவு பழசாகத் தெரியவில்லை, ஆனால் என் கண்ணை கஸ்டம்ஸ் நம்புமா? தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையில் சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள். சேலத்தில் இருந்தால் பெட்டியோடு நேரிலேயே வருகிறேன்.