பேக்மேன்ங்கிற பழைய வீடியோ கேம்ல 256-வது லெவல் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

முறையா ஆடிப் போனவங்கதான்னு இல்லை, குறுக்கு வழியில போனவங்களும் எழுதலாம். நான் இரண்டாவது ரகம். எமுலேட்டர்ல (பழைய கேம் மெஷினைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள்) 'ரேக் டெஸ்ட்'னு ஒரு சுவிட்ச் இருக்கு. போட்டுவிட்டா லெவல் தானா தாண்டிக்கிட்டே போகும்.

256 வந்ததும் இடது பாதி வழக்கம்போல இருந்தது. வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் கலர்க் குப்பையும். பேய்கள் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அதுக்குள்ள புகுந்து வந்துட்டு இருந்தன.

காரணம் ரொம்பச் சின்னது. லெவல் எண்ணை ஒரே பைட்ல வச்சிருக்காங்க. 255-க்கு மேல அதுல இடமில்லை, அடுத்தது 0. கீழே வரிசையா பழம் வரையிற நிரல் அந்த 0-வைப் பார்த்துட்டு, ஏழு பழத்தோட நிக்காம 256 வரையக் கிளம்பிடுது. லெவல் முடிய 244 புள்ளி தின்னணும். இடது பாதியில 114, குப்பைக்குள்ள 9. உயிர் போனா அந்த 9 மட்டும் திரும்ப முளைக்கும். ஆறு உயிரோட போனாலும் 168-தான் தேறும். ஆக, தாண்ட வழியே இல்லை.

*

பேக்மேன் தேவலாம்ங்க, புள்ளி தின்னவாவது விடுது. டாங்கி காங் கேம்ல 22-வது லெவல் பார்த்திருக்கீங்களா? போனஸ் நேரம் கணக்குப்படி 260 வரணும், பைட் நிரம்பி 4 ஆகிடுது. ரெண்டு சுழி சேர்த்து மேல 400-னு காட்டும். முதல் ஏணி, இரண்டாவது ஏணி... பீப்பாய் மேல படவே இல்லை, நேரம் தீர்ந்து மாரியோ தானா சுருண்டு விழுந்துடுவார். நண்பர் ஒருத்தர் ஆடும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். "நான் என்னடா பண்ணேன்?"னு திரையைப் பார்த்தே கேட்டார்.

*

பாஸ்டன்ல வேலை பார்த்தப்போ நியூ ஹாம்ப்ஷயர்ல ஃபன்ஸ்பாட்ங்கிற வீடியோ கேம் கூடத்துக்கு ஒருமுறை போனேன். 1999 ஜூலை 3-ஆம் தேதி பில்லி மிட்செல்ங்கிற ஆட்டக்காரர் 33,33,360 பாயின்ட் எடுத்து பேக்மேனை முழுசா முடிச்ச இடம். ஒரு புள்ளி, ஒரு பழம், ஒரு நீலப்பேய் (தின்னக்கூடிய பேய்) விடாம, 255 லெவல் வரைக்கும் ஒரு உயிர்கூடப் போகாம ஆடினாத்தான் அந்த எண் வரும். ஆறு மணி நேரம் கிட்ட ஆகியிருக்கு. 2018-ல கேம் ஸ்கோர்களைப் பதிவு பண்ணுற ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு, அவரோட டாங்கி காங் ஸ்கோர் மேல எழுந்த சந்தேக விவகாரத்துல அவரோட எல்லா ஸ்கோரையும் எடுத்துட்டாங்க, 2020-ல கின்னஸ் திரும்பச் சேர்த்துச்சு. அந்த வம்புக்குள்ள நான் போகலை.

அங்கே பேக்மேன் ஆடிப் பார்த்தப்பதான் ஒண்ணு உறைச்சது. முக்குல திரும்ப, முக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிடணும். பேய்களைவிட ஒரு இழை முந்தறது அங்கதான். 19-வது லெவல்ல இருந்து பேய்கள் நீலமே ஆகாது. 21-ல இருந்து 255 வரைக்கும் எல்லாம் ஒரே அச்சு. மனப்பாடம் பண்ணின ஒரே பாதையை 235 தடவை பிசகாம ஓட்டணும். திறமையைவிடப் பொறுமைதான் அதிகம்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு. 1982-ல எட்டு வயசுப் பையன் ஒருத்தன் 61 லட்சத்துக்கு மேல எடுத்தான்னு அதிபர் ரீகனே வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்! 256-ஐத் தாண்டாம அந்த ஸ்கோர் வராது. அடுத்த வருஷம் ட்வின் கேலக்ஸீஸ் நிறுவனர் வால்டர் டே பெரிய ஆட்டக்காரங்ககிட்டயெல்லாம் போய்ப் பார்த்தார், யாராலும் தாண்ட முடியலை. பிறகு மிட்செல், 2000 பிறக்கிறதுக்குள்ள தாண்டிக் காட்டினா 1,00,000 டாலர்னு அறிவிச்சார். அந்தப் பணத்தை யாரும் வாங்கலை.

'காலகா' (Galaga) கேம்ல 255-வது லெவல் தாண்டினவங்க இருந்தா எழுதுங்க. மெஷின்ல கடின அளவு என்ன வச்சிருந்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் ஆட்டம் தொடருமா தொங்குமாங்கிறது.