மேல் இரைப்பைக் குடல் ரத்தக்கசிவு: எத்தனை யூனிட் கேட்டு வைப்பது?

கேள்வி (இரவுப் பணி மருத்துவர், வட்ட மருத்துவமனை):
அனைவருக்கும் வணக்கம். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரைகளை இரண்டு வாரம் சாப்பிட்ட 52 வயது ஆண் ஒருவர், மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்று சற்று முன் வந்திருக்கிறார். நாடி 112, ரத்த அழுத்தம் 104/70, ஹீமோகுளோபின் 11.2, யூரியா 62. மயக்கமோ கல்லீரல், இதய நோயோ இல்லை. இத்தகைய ரத்தக்கசிவு எவ்வளவு ஆபத்தானது என்று மதிப்பிடும் கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண்ணைக் கைப்பேசிச் செயலி 12 என்று காட்டுகிறது. அவருடைய ரத்த வகையில் எங்களிடம் இரண்டே யூனிட்தான் இருக்கின்றன. இந்த 12-ஐ வைத்து, எத்தனை யூனிட் தேவைப்படும் என்று கணிக்க முடியுமா?

மறுமொழி 1:
முதலில் கணக்கைச் சரிபாருங்கள். நம் ஆய்வகங்கள் யூரியாவை மில்லிகிராமில் தருகின்றன. செயலி மில்லிமோலில் கேட்டிருக்கும். 62-ஐ ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 10.3, அதற்கு ஆறு புள்ளிகள் அல்ல, நான்கு. ஆகவே மொத்தம் 10. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். மேலும், 0 அல்லது 1 பெற்றவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வதில்தான் இந்த அளவுகோலின் பலம் இருக்கிறது. மதிப்பெண் கூடும்போது ரத்தம் தேவைப்படும் வாய்ப்பும் கூடுமே தவிர, யூனிட் எண்ணிக்கையை அது சொல்லாது.

மறுமொழி 2:
11.2 என்ற எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுவும் பிளாஸ்மாவும் ஒன்றாகவே போவதால், உடல்நீர் நாளங்களுக்குள் இறங்கும் வரையிலோ நாம் சலைன் ஏற்றும் வரையிலோ ஹீமோகுளோபின் பெரிதாகக் குறையாது. நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் ஒன்றைத் தாண்டுகிறது. நிறைய ரத்தம் போயிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம், எனக்கு அதுதான் கவலை. இரண்டு யூனிட்டுக்கும் கிராஸ் மேட்ச் (நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்ற சோதனை) செய்து வைத்துவிட்டு, நான்கு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

மறுமொழி 3:
பொருத்தி வைப்பது வேறு, ஏற்றுவது வேறு. பார்சிலோனாவில் 921 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றிய பிரிவில் ஆறு வாரத்தில் 95 சதவீதத்தினரும், 9-க்குக் கீழேயே ஏற்றிய பிரிவில் 91 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர். முதல் பிரிவில் பாதிப் பேருக்கு ரத்தமே தேவைப்படவில்லை. ஆனால் பெருக்கெடுத்து ஓடும் ரத்தக்கசிவு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு எண்ணைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இதய நோய் இருந்தால் வரம்பை 8 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9, நாடி 92. ரத்தம் ஏற்றவில்லை, பொருத்திய இரண்டு யூனிட்டையும் உடன் கொடுத்து, எண்டோஸ்கோபிக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன்.