புதுப்பிப்பு: டிக்கியாவின் இலைநுனி காய்ந்தது தண்ணீர்க் குறைவால்தான்

என் டிக்கியா மார்னியர்-லாபோஸ்டோலே என்ற முள்செடியின் இலைநுனிகள் காய்ந்து, நடுக்குருத்து ஒடுங்குவதாக மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேரில் மாவுப்பூச்சி இருக்கலாம் என்றதால் முதலில் தொட்டியைக் கவிழ்த்தேன். பூச்சி இல்லை, வேர்க்கட்டியின் நடுவில் மண் தூளாக உலர்ந்து கிடந்தது. 'முள்ளைப் பார்த்துக் கள்ளி என்று நினைக்காதீர்கள், வெயில் காலத்தில் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்' என்றவரின் யோசனைதான் பலித்தது. பிரேசில் நாட்டுப் பாறைச்செடியான இது வறட்சியில் சாகாது. ஆனால் இலைகளைக் காயவிட்டுத்தான் பிழைக்கிறது. தட்டில் ஒரு விரற்கடை நீர் நிறுத்தினேன். 20 நாளில் குருத்து விரிந்தது. காய்ந்த நுனிகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

மண் மாற்றுபவர்கள் செடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பிடியுங்கள். கொக்கி முட்கள் கையை உள்ளே விடும், வெளியே விடாது. இலையின் வெண்பூச்சைத் துடைக்காதீர்கள். என் விரல் பட்ட இடம் இன்னும் பச்சையாகவே தெரிகிறது.

எதிர்பாராதது ஒன்று: பக்கவாட்டு இலையிடுக்கிலிருந்து பூந்தண்டு எழுந்து, ஆரஞ்சுப் பூக்கள் விரிந்தன. பூத்தால் தாய்ச்செடி போய்விடும் என்று பயந்தேன். டிக்கியாவும் சேர்ந்த புரோமிலியாட் என்ற அன்னாசிக் குடும்பத்தில் பல செடிகளுக்கு அது பொருந்தும்; டிக்கியாவுக்குப் பூ நடுவில் வராததால் செடி தொடர்ந்து வளர்கிறது.