எதிரெதிர் அணிகள், ஒரே அச்சம்: நேரில் கண்டவை

பெண்ணுரிமைச் சட்டத் திருத்தம் ஒன்றை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. எதிர்ப்பவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பவர்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

எதிரணியில் பேசிய அம்மையார், ஓரங்கள் மடங்கிப்போன நோட்டுப் புத்தகத்தில் சட்டப் பிரிவுகளைத் தம் கைப்படவே எழுதி வைத்திருந்தார். ஜீவனாம்சம் பற்றிய பிரிவின் கீழ் மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடுகள். "இருபத்தெட்டு ஆண்டுகள் வீட்டுக்காகவே உழைத்திருக்கிறேன். நாளை அவர் கைவிட்டால், நீங்கள் இருவரும் சமம்தானே, போய்ச் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று இந்தச் சட்டம் சொல்லாதா?" என்று கேட்டார். ஆதரவு அணியிலிருந்த இளம்பெண் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் அம்மாவுக்கு நடந்தது அதுதான், அதனால்தான் என் கையில் என் சம்பளம் இருக்க வேண்டும் என்கிறேன்" என்றார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தில் சம உரிமை தர அமெரிக்க நாடாளுமன்றம் 1972இல் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து இயக்கம் நடத்திய ஃபிலிஸ் ஷ்லாஃப்லியும், மனைவியைப் பராமரிக்கும் கணவனின் கடமை பறிபோகும் என்றே வாதிட்டார். அத்திருத்தம் நடைமுறைக்கு வர 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டியிருக்க, 1982இல் கெடு முடியும்வரை 35 மாநிலங்களுக்கு மேல் ஒப்பவில்லை. (இல்லத்தரசிகளுக்காகப் பேசிய அவர், இடையில் சட்டப் பட்டமும் பெற்றார் என்பது தனிக்கதை.) நான் இன்றும் ஆதரவு அணிதான், ஆனால் அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு எங்கள் அணி அன்று நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

* * *

மேலே பகிர்ந்தவருக்கு: கருக்கலைப்பு விவாதங்களில் எனக்குக் கிடைத்த அனுபவம் சற்று வேறு. கலிஃபோர்னியாவில் இரு தரப்புச் செயற்பாட்டாளர்களையும் நேர்கண்ட சமூகவியலாளர் கிறிஸ்டின் லூக்கர், 1984இல் வெளியிட்ட ஆய்வில், சண்டையின் அடியில் இருப்பது தாய்மையின் பொருள் குறித்த பிளவே என்று காட்டினார். தாய்மையைப் பெண் வாழ்வின் மையமாகக் கருதியவர்கள் ஒருபுறம், அதைப் பல பொறுப்புகளுள் ஒன்றாகக் கருதியவர்கள் மறுபுறம். கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவரிடம், குழந்தை வளர்ப்புக்கான செலவு முழுவதையும் அரசே ஏற்றால் இரு தரப்பும் ஓரளவு நெருங்கி வரலாமே என்று ஒருமுறை கேட்டேன். கோபப்படாமல், என் கோப்பையில் தேநீரை ஊற்றியபடியே, "தாய்மையைச் செலவுக் கணக்கில் எழுதும்போதே நாம் பிரிந்துவிட்டோம், தம்பி" என்றார்.