பில்லில் ஒரு ஐஎம்இஐ, பெட்டியில் வேறு ஐஎம்இஐ. போனை வைத்துக்கொள்ளலாமா?

ரீடிங்காரர் (காரைக்குடி) எழுதியது:

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்துக் கார்டில் எழுதியே பழகிவிட்டதால், வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் அதன் நம்பரை டைரியில் குறித்து வைக்காமல் விடமாட்டேன். மிக்ஸியாக இருந்தாலும் சரி, கேஸ் அடுப்பாக இருந்தாலும் சரி.

மகன் தன் கிரெடிட் கார்டில் எனக்கு ஒரு போன் ஆர்டர் போட்டான். விலை 18,999 ரூபாய். பார்சல் வந்தது, ஓடிபி சொல்லி வாங்கினேன். மகள் வயிற்றுப் பேரன் பிரிப்பதை வீடியோ எடுத்தான். பார்சல் லேபிளில் ஆரம்பித்து, போன் ஆன் ஆகும் வரை நடுவில் நிறுத்தாமல் எடுத்திருக்கிறான்.

பில்லை பிரிண்ட் எடுத்துக்கொண்டு டைரியில் எழுத உட்கார்ந்தேன். பில்லில் இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) ஒன்று, பெட்டி ஸ்டிக்கரில் இருப்பது வேறொன்று. போனில் *#06# அழுத்தினால் பெட்டியில் உள்ள எண்தான் வருகிறது. பெட்டியும் போனும் ஒத்துப்போகின்றன, பில் மட்டும்தான் இடிக்கிறது. முதல் எட்டு இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே, அதற்குப் பிறகு மாறுகிறது.

சரி, டைப் அடித்தவர் தவறு என்று விட்டிருப்பேன். ஆனால் போன் கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் இந்தப் போனின் வாரண்டி ஏப்ரல் மாதமே ஆரம்பித்துவிட்டதாகக் காட்டுகிறது. என் பில் தேதி ஜூன் 9. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வட்டமான சீல் ஸ்டிக்கர் இருக்கிறது. ஒரு பக்கம் சுத்தம். மறுபக்கம் ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது, அதை ஒட்டி அட்டையின் மேல்தாள் பிறை வடிவத்தில் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. அதே இடத்தில் முன்பு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்திருக்கிறார்கள்.

ஆர்டர் போட்ட தளத்தின் சாட்டில் மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். "சிஸ்டம் எரர், போன் ஒரிஜினல்தான், தைரியமாகப் பயன்படுத்துங்கள்" என்று சொல்லி 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். மறுநாள் ஏதோ ஒரு மொபைல் நம்பரிலிருந்து எனக்கே அழைப்பு. பில்லைத் திருத்தி அனுப்புகிறோம், ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். பில் திருத்த ஓடிபி எதற்கு என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

"போன் நல்லாத்தானே ஓடுது மாமா, விடுங்களேன்" என்கிறார் மருமகன். மாற்றித் தரும் கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா ஒரு ஆள்:

உங்கள் மருமகன் சொல்வதுதான் சரி சார். போன் ஓடுகிறது, கையில் 500 கூப்பனும் இருக்கிறது. யாராவது பில்லில் ஐஎம்இஐ எல்லாம் பார்ப்பார்களா?


செல் சர்வீஸ் (திண்டுக்கல்):

பார்க்க வேண்டியதே அதைத்தான். சர்வீஸ் சென்டரில் வாரண்டி என்று போய் நின்றால் முதலில் பில்லைக் கேட்பார்கள், அப்புறம் போனில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் "இது இந்த போனுக்கான பில் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போன் தொலைந்தாலும் இதே கதைதான். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கச் சொல்லி விண்ணப்பித்தால் போலீஸ் புகார் நகலோடு வாங்கிய பில்லும் கேட்கும். நாளைக்கு விற்கப் போனாலும் நானே பில் இல்லாமல் வாங்க மாட்டேன்.

ஐயா, இரண்டு விஷயம் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று, இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும். பில்லில் இருப்பது உங்கள் போனின் இரண்டாவது எண்ணா என்று பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் குழம்புகிறார்கள். அது இல்லை என்றால், பில்லில் உள்ளது உண்மையான எண்தானா என்று பாருங்கள். ஐஎம்இஐயில் முதல் எட்டு இலக்கம் மாடலைக் குறிக்கும், அடுத்த ஆறு அந்தத் தனிப்பட்ட போனுக்கு உரியது, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். இடமிருந்து 2, 4, 6 என்று 14 வரையுள்ள இடங்களில் இருக்கும் இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். இரட்டித்தது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அதன் இரண்டு இலக்கத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மீதி இலக்கங்களை அப்படியே சேர்த்து மொத்தம் போட்டால் 10ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் அந்த எண்ணில் உலகத்தில் எந்த போனும் இல்லை, டைப் அடித்ததில் தவறு.

கணக்கு சரியாக வந்தால், கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். இரண்டு எண்ணுக்கும் அனுப்பிப் பாருங்கள். முடக்கப்பட்ட போனாக இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.


ரீடிங்காரர்:

தம்பி, பில்லில் இருப்பது என் போனின் இரண்டாவது ஐஎம்இஐயும் இல்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். பில்லில் உள்ள எண்ணுக்குக் கூட்டுத்தொகை 60, என் போனுக்கு 70. இரண்டும் வகுபடுகின்றன. எஸ்எம்எஸ்ஸுக்கும் பதில் வந்தது, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். முடக்கம் எதுவும் இல்லை.

அப்படியானால் பில்லில் உள்ள போனும் எங்கோ இருக்கிறது, அப்படித்தானே?


செல் சர்வீஸ் (திண்டுக்கல்):

அப்படித்தான் ஐயா. அந்த போன் வேறு யாரிடமோ போயிருக்கும், இல்லையென்றால் குடோனில் கிடக்கும். உங்கள் கையில் இருப்பது ஏப்ரலில் ஒருவர் பிரித்து நெட் போட்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த போன் என்பது என் கணிப்பு. நிறைய கம்பெனிகளில் போனை முதல் தடவை ஆன் செய்து நெட்டில் இணைத்ததுமே வாரண்டி ஓட ஆரம்பித்துவிடும். பெட்டியும் போனும் ஒத்துப்போவதால் உள்ளே வேறு போனை வைத்து ஏமாற்றிய கேஸ் இல்லை. ஐஎம்இஐயை மாற்றிய போனாகவும் தெரியவில்லை. மாற்றியிருந்தால் விஷயமே வேறு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.


ஹப் நைட் ஷிப்ட்:

முன்பு ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு குடோனில் ரிட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் ஐயா இப்போது கவனிக்க வேண்டியது வேறு.

அவசரப்பட்டு ஆப்பில் "ரிட்டர்ன்" பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். போனை எடுக்க வரும் பையன் கையில் ஒரு ஆப் இருக்கும். உங்கள் பில்லில் உள்ள ஐஎம்இஐ அதில் ஏறியிருக்கும். போனில் *#06# அடிக்கச் சொல்வான், இல்லையென்றால் பெட்டியை ஸ்கேன் செய்வான். எண் ஒத்துப்போகவில்லை என்றால் ஆப் அடுத்த பக்கத்துக்கே போகாது. அவனும் "மிஸ்மேட்ச்" என்று போட்டு கேன்சல் செய்துவிட்டுப் போய்விடுவான், அவன் மேல் தப்பும் இல்லை. ஆனால் அப்புறம் கணினியில் நிற்பது என்ன? புது போனை வாங்கிக்கொண்டு பழைய போனைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தவர் என்று உங்கள் மகன் கணக்கு நிற்கும். அப்படி ஏமாற்றுகிறவர்கள் நிஜமாகவே உண்டு, நாங்களே செக்‌ஷனில் பிடித்திருக்கிறோம். யார் ஏமாற்றுகிறவர், யார் ஏமாந்தவர் என்று அந்த ஆப்புக்குத் தெரியாது.

அதனால் பையன் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே, வந்த போனின் ஐஎம்இஐ இது, பில்லில் இருப்பது இது என்று இரண்டு எண்ணையும் எழுதிப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். சாட்டில் சொன்னது போதாது, மெயிலில் இருக்க வேண்டும். பேரன் எடுத்த வீடியோ தங்கம். அதை வாட்ஸப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள், சைஸ் குறைந்து எண் மங்கிவிடும். எடுத்த போனிலிருந்து அப்படியே வேறு எங்காவது காப்பி எடுத்து வையுங்கள். பார்சல் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அதில் இருக்கும் ஏடபிள்யூபி நம்பரும் (கூரியரில் அந்தப் பார்சலுக்கு உரிய எண்), திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் வேண்டும். நீங்கள் பார்த்த விற்பனையாளர் ஊர் ஒன்று, பார்சல் கிளம்பிய ஊர் வேறு என்றால் அதையும் எழுதுங்கள்.

போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மை எடுத்துவிட்டு ஓரமாக வையுங்கள். கூப்பனைத் தொடாதீர்கள். அதைப் பயன்படுத்தினால் பிரச்சினை முடிந்தது என்று புகாரை மூடிவிடுவார்கள்.


மலைக்கோட்டை அக்கா (திருச்சி):

நுகர்வோர் அமைப்பு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். ஹப் தம்பி சொன்னதோடு சேர்த்து இதையும் செய்யுங்கள் ஐயா.

சாட்டில் பேசுகிறவரிடம் மல்லுக்கட்டுவது வீண். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. "புதியது" என்று விற்றார்கள், வந்தது ஏப்ரலில் ஓடியது. உங்கள் புகாரின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும். ஸ்டிக்கர், முடி எல்லாம் படமாக இணையுங்கள், ஆனால் வாரண்டிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் பேசும். தேதி தெரிய எடுங்கள்.

மெயில் மகன் பெயரிலேயே, ஆர்டர் போட்ட மெயில் ஐடியிலிருந்தே போகட்டும். நீங்கள் பயன்படுத்துகிறவர்தானே என்று யாராவது தள்ளினால் தள்ள விடாதீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அதே நாளில் 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஒரு போன் போடுங்கள். தமிழில் பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். ஆனால் பெரிய தளங்களில் இதிலேயே நிறைய முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அங்கும் நடக்கவில்லை என்றால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது, ஆன்லைனிலேயே இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம்.

கிரெடிட் கார்டு என்பது நல்ல விஷயம். தளம் கையை விரித்தால் மகன் தன் வங்கியில் "டிஸ்ப்யூட்" போடலாம், அதாவது அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் கெடு உண்டு, இழுத்தடிக்க விடாதீர்கள்.

ஓடிபி கேட்டவனைப் பற்றி: அது திருட்டு அழைப்பாகவும் இருக்கலாம், புகாரை முடித்ததாகக் காட்ட அந்த விற்பனையாளரே செய்த வேலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் சொல்லாதீர்கள். கூகுளில் தேடி கஸ்டமர் கேர் நம்பர் எடுக்கவும் வேண்டாம், ஆப்புக்குள் இருப்பது மட்டும்தான். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்கச் சொல்லியிருப்பேன், உங்களுக்குத் தேவைப்படவில்லை.


சும்மா ஒரு ஆள்:

இதையெல்லாம் படித்துவிட்டு என் போன் பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பில்லே கிடைக்கவில்லை.


ரீடிங்காரர்:

கவர் இருக்கிறது தம்பி, அதையெல்லாம் தூக்கிப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. தளத்தில் விற்பனையாளரின் முகவரி ஒரு மாநிலம், கவரில் திருப்பி அனுப்பும் முகவரி வேறு மாநிலம். எழுதியாயிற்று.

மகன் மெயில் போட்டான். 1915லும் பதிந்து எண் வாங்கினோம். ஹப் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. மாற்றித் தருகிறோம் என்று அனுப்பப்பட்ட பையன் *#06# பார்த்ததும் முகம் மாறி, "ஐயா, இது உங்க போன் இல்ல" என்றான். அதைத்தானப்பா நானும் சொல்கிறேன் என்றேன். ஆப்பில் காரணம் எழுதும் இடத்தில் ஐஎம்இஐ ஒத்துப்போகவில்லை என்று போடச் சொல்லி, அந்தத் திரையை அவன் அனுமதியோடு படம் எடுத்தேன். மோர் கொடுத்து அனுப்பினேன், பாவம், வெயில்.

அந்தப் படத்தையும் அதே மெயிலில் சேர்த்து அனுப்பிய பிறகுதான் குறைதீர் அலுவலரிடமிருந்து ஆளாக எழுதிய பதில் வந்தது. அடுத்து வந்த பையனின் ஆப்பில் என் போனின் உண்மையான எண் ஏறியிருந்தது. வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தான். மாற்றுப் போன் வேண்டாம், பணமே போதும் என்று சொல்லிவிட்டோம். கார்டில் வரவு வைக்கச் சில நாள் ஆகுமாம், வந்ததா என்று மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போனை செக்காலை ரோட்டில் ஒரு கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். விலை 600 ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்கள். பில் போடும்போது பெட்டியைப் பிரித்து, நான் எண்ணை வாசிக்க வாசிக்க டைப் அடிக்கச் சம்மதித்திருக்கிறார் கடைக்காரர்.